கடை வீகன் பர்கரை வீட்டில் ருசி பார்ப்பது எப்படி: மட்டக்களப்புக் குசினிக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பு நகரத்துச் சூப்பர் மார்க்கெட் உறைபெட்டிகளில் கோழிச் சொசேஜுக்கும் மீன் கட்லட்டுக்கும் பக்கத்தில் மச்சம் இல்லாத பர்கர்களும் இப்போது கண்ணில் படுகின்றன. கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறைப் பக்கமும் தேடினால் ஓரிரு வகை அகப்படலாம். கடைக்குக் கடை மாறும், ஒரு மாதம் இருந்தது அடுத்த மாதம் இருக்காது.

இவற்றைத் தேடுகிறவர்கள் பலவகை. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் சிலர் வீகன், அதாவது மச்சத்தோடு பால், முட்டை, நெய், தேன் எதுவும் தொடுவதில்லை. வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் கண்ணகி அம்மன் சடங்கும் வந்தால் பல வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை, ஆனால் சின்னப் பிள்ளைகள் பர்கர் கேட்பார்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். விலை ஒன்றும் குறைவில்லை. எனவே பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

முதல்முறையாக வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்டியின் மேல் உள்ள படமும் விலையும் எது நல்லதென்று சொல்லாது. பணிசும் சோஸும் இல்லாமல், பெயரை மறைத்து, ஒரே தாச்சியில் ஒரே எண்ணெயில் பொரித்து, வெறும் வட்டாகச் சாப்பிட்டால்தான் தெரியும். (பணிசின் நடுவில் வைக்கும் தட்டையான துண்டைத்தான் வட்டு என்கிறேன்.) அதோடு வீட்டில் செய்த சோயாமீற் வட்டு ஒன்றும் அதே மேசையில் இருக்க வேண்டும். கடைச் சாமானுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு எதற்கென்று அந்த வீட்டு வட்டுத்தான் காட்டும். அது இல்லாத ஒப்பீட்டை நான் பாதி ஒப்பீடாகவே எண்ணுகிறேன்.

முதலில் இனம் பிரியுங்கள்

எல்லா வீகன் பர்கரும் ஒரே இனம் இல்லை. உருளைக்கிழங்கு, கரட், பட்டாணி, சோளம் சேர்த்து பாண்தூளில் புரட்டிய மரக்கறி வட்டு ஒன்று. அது இறைச்சியாக நடிப்பதில்லை, மரக்கறிக் கட்லட்டின் உறவு. கடலை, கௌபி, பீன்ஸ், பருப்பில் செய்தது இன்னொன்று. மூன்றாவது சோயா அல்லது கோதுமைப் புரதத்தில் செய்து, மென்றால் இறைச்சியை நினைவூட்டுவது. நாலாவது பிலாக்காய் நாரில் செய்தது. கடைசியாக, இறைச்சியின் நிறம், சாறு, வாசம் எல்லாவற்றையும் கொண்டுவர முயலும் வெளிநாட்டு வகை.

மூன்றாவது வகை நமக்குப் புதிதல்ல. எண்ணெய் எடுத்த சோயா மாவைச் சூட்டிலும் அமுக்கத்திலும் ஒரு துளை வழியாகத் தள்ளி, நாராகவும் பஞ்சாகவும் ஆக்கும் முறையை 1960களில் அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் வணிகமாக்கியது. இலங்கையில் பெட்டிக்கடையிலும் தொங்கும் சோயாமீற் பக்கற் அந்த முறையின் பிள்ளைதான். ஆக, கிழக்கு மாகாணத்துச் சமையலறைக்குத் தாவர இறைச்சி பர்கரோடு வந்து சேர்ந்த ஒன்றல்ல. அதை எப்படி ஊறவைப்பது, பிழிவது, எவ்வளவு உறைப்புப் போடுவது என்பதெல்லாம் நம் அம்மாமாருக்குக் கைவந்தவை.

வெளிநாட்டு வகையில் இரண்டு பெயர் அதிகம் காதில் விழும். 2009இல் தொடங்கிய பியாண்ட் மீட் பட்டாணிப் புரதத்தை நம்புகிறது, நிறத்துக்குப் பீட்ரூட் சாறு சேர்க்கிறது. 2011இல் தொடங்கிய இம்பொசிபிள் ஃபூட்ஸ் சோயாச் செடியின் வேரில் இருக்கும் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தை மரபணு மாற்றிய ஈஸ்ட்டில் வளர்த்துச் சேர்க்கிறது. இறைச்சியின் சிவப்புக்கும் அந்த இரும்பு வாசத்துக்கும் காரணமான ஹீம் அதில் இருக்கிறது. இரண்டு பர்கரும் 2016இல்தான் விற்பனைக்கு வந்தன. அந்த ஹீம் புரதம் பாதுகாப்பானது என்று காட்ட எலிகளில் சோதனை செய்ததால் வீகன்களில் சிலர் இம்பொசிபிளை ஏற்பதில்லை. லண்டனிலிருந்து வருகிறவர்கள் குவோர்ன் கொண்டுவரலாம். அது ஒருவகைப் பூஞ்சையில் செய்வது, 1985இல் பிரித்தானியாவில் வந்தது. அதன் பல பக்கற்றுகளில் வட்டு சேர்ந்து நிற்க முட்டை வெள்ளைக்கரு இருக்கும். வீகன் என்று தனியாக எழுதியிருப்பதை மட்டும் எடுங்கள்.

இனத்தோடு இனத்தைத்தான் ஒப்பிட வேண்டும். பாண்தூள் புரட்டிய மரக்கறி வட்டையும் இறைச்சி மாதிரியான சோயா வட்டையும் ஒரே மேசையில் வைத்து மதிப்பெண் போட்டால் இரண்டுக்கும் நியாயமில்லை. ஒரு தடவைக்கு ஒரு இனத்தில் இரண்டு அல்லது மூன்று கடை வட்டு, அதோடு வீட்டு வட்டு ஒன்று. அதற்கு மேல் போனால் நாக்கு களைத்துவிடும்.

கடையில், பிறகு வழியில்

பக்கற்றைக் கையில் எடுத்து முதலில் மெல்லக் குலுக்குங்கள். வட்டுகள் தனித்தனியாக அசைய வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தாலோ, உள்ளே பெரிய பனிப்படிகங்கள் நிறைந்திருந்தாலோ, அது ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது. மின்சாரம் போய் வந்திருக்கலாம், இரவில் உறைபெட்டியை அணைத்திருக்கலாம். அப்படிப்பட்டதை வாங்கி ஒப்பிட்டால் நீங்கள் ருசி பார்ப்பது அந்தக் கடையின் உறைபெட்டியைத்தான், பர்கரை அல்ல. நல்ல உறைபெட்டி மைனஸ் 18 பாகை செல்சியஸில் இருக்கும். உள்ளே வெப்பமானி தொங்கினால் பாருங்கள். உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி இரண்டையும் பாருங்கள், ஒப்பிடப்போகும் பக்கற்றுகளின் வயது கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பது நல்லது.

நம் ஊர் வெயிலில் வழிப்பயணம் பெரிய விசயம். சூடு 32 பாகைக்கு மேல் போனால் உருகிய சாப்பாட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது, குறைந்த சூட்டில் இரண்டு மணி நேரம். தாவரம் என்பதால் கெடாது என்று நினைக்க வேண்டாம். ஈரமும் புரதமும் இருந்தால் கிருமிக்கு அது போதும். திருகோணமலை வீதியில் வாங்கி நகரத்துக்குள்ளேயே வீடு என்றால் பத்திரிகையில் சுற்றிக் கொண்டுபோனாலே போதும். படுவான்கரைப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் மீன்காரர் வைத்திருக்கும் மாதிரி ஒரு சின்ன ரெஜிபோம் பெட்டியும் ஐஸும் கொண்டுபோங்கள். ஐஸ் உருகி பக்கற்றுக்குள் தண்ணீர் போகாமல் முதலில் ஒரு பொலித்தீன் பையில் கட்டிவிடுங்கள்.

கொழும்பிலிருந்து உதயதேவி ரயிலில் யாராவது கொண்டுவந்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புறப்படும்போது பெட்டியை ஐஸால் நிரப்பி, வாயை டேப்பால் ஒட்டச் சொல்லுங்கள், வழியில் திறந்து பார்க்க வேண்டாம். வந்து சேரும்போது நடுப்பகுதி இன்னும் கல்லாக இருந்தால் உறைபெட்டியில் வைக்கலாம். மெத்தென்று ஆகியும் குளிராகவே இருந்தால் அன்றைக்கே சமைத்துவிடுங்கள். குளிர் விட்டுப்போயிருந்தால் வீசிவிடுங்கள்.

பக்கற்றின் பின்பக்கம்

முன்பக்கத்தில் 'தாவரத்தில் செய்தது' என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் பின்னால் திருப்பிப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு, பால்மா, மோர்ப் புரதம், கேசீன் என்ற பால் புரதம், சீஸ், தேன் இந்த ஆறும்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். சைவம் என்று போட்டிருந்தால் பால் இருக்கலாம். விரதத்துக்கு அது பிரச்சினையில்லை, வீகன் விருந்தாளிக்குப் பிரச்சினை. முட்டை இருந்தால் விரதத்துக்கும் ஆகாது.

இந்தியப் பக்கற்றில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் இறைச்சி, மீன், முட்டை இல்லை என்று பொருள், பால் இருக்கலாம். ஐரோப்பியப் பக்கற்றுகளில் மஞ்சள் வட்டத்துக்குள் இலை முளைத்த வி எழுத்து இருக்கும். அதன் கீழே வீகன் என்று எழுதியிருக்கிறதா, வெஜிடேரியன் என்று எழுதியிருக்கிறதா என்பதையும் வாசிக்க வேண்டும், சின்னம் இரண்டுக்கும் ஒன்றுதான். பிரித்தானிய வீகன் சொசைட்டியின் சூரியகாந்திச் சின்னம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஹலால் சின்னம் சொல்வது வேறு விசயம். அதை வைத்து மச்சம் இல்லை என்று முடிவெடுக்க முடியாது.

நிறம், பதம் போன்றவற்றுக்காகச் சேர்க்கும் பொருள்களுக்குப் பக்கற்றில் போடும் ஈ (E) எண்களில் சிலதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஈ120 பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம், ஈ901 தேன்மெழுகு, இரண்டும் வீகன் அல்ல. ஈ471, ஈ631 இரண்டும் தாவரத்திலிருந்தும் வரலாம், மிருகத்திலிருந்தும் வரலாம். வீகன் சின்னம் இல்லாத பக்கற்றில் இவை இருந்தால் நான் அதைத் திரும்ப வைத்துவிடுவேன். ஈ461 பயப்பட வேண்டியதல்ல. அது மெத்தில்செல்லுலோஸ், தாவர நாரிலிருந்து செய்வது. அதைப் பற்றிக் கீழே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ருசிக்கு அது முக்கியம்.

ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் சோயா, கோதுமை, கஜு மூன்றையும் தேடிப் பாருங்கள். கச்சான் ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்குப் பட்டாணிப் புரதமும் ஒத்துவராது. அவர்களை இந்த விளையாட்டில் சேர்க்கும் முன் வைத்தியரைக் கேளுங்கள்.

இலங்கையில் 2019 முதல் சீனி, உப்பு, கொழுப்புக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக்குறி உண்டு. திண்மமான உணவில் 100 கிராமுக்கு உப்பு 1.25 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 0.25 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை. கொழுப்பு 17.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 3 கிராமுக்குக் கீழே பச்சை. பர்கர் வட்டில் நான் முதலில் பார்ப்பது உப்பைத்தான், உப்புக் கூடினால் எதுவும் முதல் கடியில் ருசியாகத்தான் இருக்கும். வெளிநாட்டுப் பக்கற்றில் உப்புக்குப் பதில் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருந்தால் 2.5ஆல் பெருக்குங்கள். ஒரு வட்டில் சோடியம் 390 மில்லிகிராம் என்றால் உப்பு கிட்டத்தட்ட ஒரு கிராம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பணிசிலும் சோஸிலும் உள்ளது வேறு.

வீட்டு வட்டு

90 கிராம் சோயாமீற் பக்கற் ஒன்று போதும். உள்ளே இருக்கும் சுவைத்தூளை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். கோழி, கணவாய் என்று பெயர் போட்ட தூளில் என்ன இருக்கிறதென்று வாசிக்காமல் வீகன் சாப்பாட்டில் போட முடியாது. சோயாமீற்றைக் கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மறுபடி அலசி, நன்றாகப் பிழியுங்கள். பச்சைச் சோயா வாசம் அந்த முதல் தண்ணீரோடுதான் போகும். பிறகு கத்தியால் கொத்துங்கள். மிக்சியில் அரைத்தால் பசையாகி மெல்லுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

அவித்து மசித்த நடுத்தர உருளைக்கிழங்கு ஒன்று, பொடியாக வெட்டிய சின்ன வெங்காயம், இரண்டு பல்லு உள்ளி, மிளகுத்தூள், கொஞ்சம் சீரகத்தூள், உப்பு, இரண்டு மேசைக்கரண்டி கடலை மா. கொச்சிக்காய் இப்போதைக்கு வேண்டாம். உறைப்பு ஏறினால் நாக்கு மரத்து, மற்ற வட்டுகளின் நுணுக்கம் தெரியாமல் போகும். பிசைந்து நாலு வட்டாகத் தட்டி அரை மணி நேரம் ஃபிரிஜ்ஜில் வையுங்கள், பொரிக்கும்போது உடையாது. தடிப்பு கடை வட்டின் தடிப்பே இருக்கட்டும்.

பிலாக்காய் வகையை ஒப்பிடுகிறீர்கள் என்றால் சோயாவுக்குப் பதில் பிஞ்சுப் பிலாக்காயை அவித்து நாராகப் பிரித்துப் பிசையுங்கள். நார் அழகாக வரும், புரதம் மிகக் குறைவு. காய்ந்த சோயாமீற்றில் பாதி எடை புரதம்.

தாச்சியில்

ஒரே தாச்சி அல்லது தோசைக்கல், ஒரே எண்ணெய், ஒரே அளவு நெருப்பு. நேரம் மட்டும் அந்தந்தப் பக்கற் சொல்கிறபடி. தேங்காய் எண்ணெய் நம் வீட்டு எண்ணெய்தான், ஆனாலும் இந்த ஒரு நாளைக்கு மணமில்லாத மரக்கறி எண்ணெய் எடுங்கள், இல்லாவிட்டால் எல்லா வட்டும் தேங்காய் வாசம் அடிக்கும். அளவைக் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். ஒரு வட்டு முடிந்ததும் தாச்சியைத் துடைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.

பாண்தூள் புரட்டியதைப் பெரும்பாலும் உறைந்தபடியே போடலாம், உருகினால் தூள் ஈரமாகிக் கழன்றுவிடும். இறைச்சி மாதிரியான வகையை முதல் நாள் இரவே உறைபெட்டியிலிருந்து ஃபிரிஜ்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுவது நல்லது. பக்கற்றில் வேறுமாதிரி எழுதியிருந்தால் பக்கற் சொல்வதைக் கேளுங்கள்.

தாச்சி நன்றாகச் சூடேறிய பிறகுதான் வட்டைப் போட வேண்டும். மேற்பரப்பு ஈரம் வற்றி, சூடு 140 பாகையைத் தாண்டும்போதுதான் அந்தப் பொன்னிறமும் பொரிந்த வாசமும் வரும். நாலு வட்டை ஒன்றாக நெருக்கிப் போட்டால் ஆவி எழும்பி வட்டு பொரியாமல் வேகும். கரண்டியால் அமுக்க வேண்டாம், சாறும் கொழுப்பும் வெளியேறிவிடும். ஒரு பக்கம் மூன்று நாலு நிமிடம், ஒரே ஒரு முறை திருப்புங்கள்.

வெந்ததா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. பீட்ரூட் நிறம் சேர்த்த வட்டு உள்ளே சிவப்பாகவே இருக்கலாம். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள், 74 பாகை வந்தால் சரி. இல்லாவிட்டால் ஒன்றைப் பிட்டு நடுவில் ஆவி பறக்கிறதா என்று பாருங்கள்.

பொரிப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்துக் குறியுங்கள், அகலத்தையும் அடிமட்டத்தால் அளந்து வையுங்கள். எடை நிறையக் குறைந்தால் நீங்கள் காசு கொடுத்தது தண்ணீருக்கு. அகலம் சுருங்கினால் பணிசைவிட வட்டு சின்னதாகிவிடும்.

பெயரை மறைத்துப் பரிமாறுவது

இந்தப் படியை யாரும் விட்டுவிடக் கூடாது. விலை கூடிய பக்கற் என்று தெரிந்தால் நாக்கும் அதன் பக்கம் சாயும். வெளிநாட்டுப் பெயர் என்றால் இன்னும் அதிகம். மரியாதைக்காக மாமியின் வீட்டு வட்டுக்கு எல்லாரும் முழு மதிப்பெண் போடுவதும் நடக்கும். ஆகவே சமைக்கிறவர் வேறு, ருசி பார்க்கிறவர்கள் வேறு. சமைக்கிறவர் குசினியிலேயே துண்டு வெட்டி, ஒவ்வொரு வகைக்கும் ஒரு எண் கொடுத்து, எந்த எண் எந்தப் பக்கற் என்று ஒரு தாளில் எழுதி மடித்து வைக்கட்டும். ஒன்று, இரண்டு என்று எண் போட வேண்டாம், ஒன்று என்றாலே முதலிடம் என்று மனம் நினைக்கும். உணவு ஆய்வுக்கூடங்களில் 417, 682 என்று பொருளில்லாத மூன்று இலக்க எண்தான் போடுவார்கள். அதையே நாமும் செய்யலாம்.

நேரம் காலை பத்து, பதினொரு மணி நல்லது. காலைச் சாப்பாடு செரித்திருக்கும், மத்தியானப் பசி முற்றியிருக்காது. பசி முற்றினால் எதுவும் ருசிக்கும். அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து தேநீர், கோப்பி, வெற்றிலை எதுவும் வேண்டாம். வெற்றிலை போடும் பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களை விட்டுவிட வேண்டாம், பல் குறைந்தவர் சொல்லும் கருத்துத்தான் வட்டின் மென்மைக்கு நல்ல அளவுகோல். இறைச்சி சாப்பிடுபவர் ஒருவர், சின்ன வயதிலிருந்தே சைவமானவர் ஒருவர், ஒரு பிள்ளை என்று கலந்திருந்தால் இன்னும் நல்லது. இறைச்சி மாதிரியே இருப்பது ஒருவருக்குச் சிறப்பு, இன்னொருவருக்கு அருவருப்பு. இருவரின் மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி எடுத்தால் யாருக்கும் உதவாத ஒரு எண்தான் கிடைக்கும். தனித்தனியாக வைத்திருங்கள்.

எல்லாருக்கும் ஒரே வரிசையில் கொடுக்காதீர்கள். முதலில் வாயில் போடும் துண்டுக்குக் கை கொஞ்சம் தாராளமாகவே போகும். ஒருவருக்கு 417 முதலில் என்றால் அடுத்தவருக்கு 682. ஒரு துண்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் வெதுவெதுப்பான தண்ணீரும் ஓரம் நீக்கிய வெறும் பாண் துண்டும். எழுதி முடிக்கும்வரை வாய்பேச்சு இல்லை, முகம் சுளிப்பதும் இல்லை. ஒரு வீட்டில் ஒருவர் "அச்சா" என்று சொன்னால் மற்ற எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள்.

இனி மெத்தில்செல்லுலோஸ் கதை. இது சூடாகும்போது கட்டியாகும், ஆறும்போது தளரும். இறைச்சி மாதிரியான வட்டுகள் பலவற்றை உடையாமல் பிடித்திருப்பது இதுதான். அதனால் தாச்சியிலிருந்து இறங்கியதும் நன்றாக மென்று சாப்பிடக்கூடிய வட்டு, ஆறியதும் மெதுமெதுத்துப்போகும். ஆகவே இரண்டு தடவை ருசி பாருங்கள். சுடச்சுட ஒரு துண்டு, கால் மணி நேரம் கழித்து இன்னொன்று. பாடசாலைக்கோ வேலைக்கோ கட்டிக்கொடுப்பதற்காக வாங்குகிறவர்களுக்கு இரண்டாவது மதிப்பெண்தான் உண்மையான மதிப்பெண். கிழங்கும் மாவும் பிடித்திருக்கும் வீட்டு வட்டு இந்த இடத்தில் பல கடை வட்டுகளை முந்திவிடும் என்பது என் அனுபவம்.

எதை எழுதுவது? "நல்லா இருக்கு" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. முதலில் மூக்கு: பொரிந்த வாசமா, பச்சைப் பருப்பு வாசமா, அட்டைப்பெட்டி வாசமா. பட்டாணி, சோயாப் புரதத்தில் அந்தப் பச்சை வாசம் எளிதில் ஒட்டிக்கொள்ளும், அதை மறைக்கத்தான் புகைச்சுவையும் உள்ளித்தூளும் நிறையப் போடுவார்கள். அப்புறம் முதல் கடி: வெளியே மொறுமொறுப்பு, உள்ளே நார், மா, பசை, ரப்பர் இதில் எது. மென்று விழுங்கிய பிறகு அரை நிமிடம் பொறுத்திருங்கள். நாக்கின் பின்பக்கம் கசப்போ, எண்ணெய்ப் படலமோ, உப்புத் தாகமோ தங்குகிறதா? வெற்றி தோல்வி பெரும்பாலும் அந்த அரை நிமிடத்தில்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று போட்டு, பக்கத்தில் ஒரு சொல் எழுதினால் போதும்.

இரண்டு பக்கற் கிட்டத்தட்ட ஒன்றாகத் தோன்றினால் ஒரு சின்னச் சோதனை உண்டு. மூன்று துண்டு வையுங்கள், இரண்டு ஒரே பக்கற், ஒன்று மற்றது. வேறானது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாகும், எனவே ஒவ்வொருவரும் இரண்டு மூன்று தடவை செய்யட்டும். யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால் விலை குறைந்ததை வாங்குங்கள்.

காசுக் கணக்கு

பக்கற் விலையை நேராக ஒப்பிடாதீர்கள். உதாரணத்துக்கு, நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை: ஒரு பக்கற்றில் நாலு வட்டு, மொத்தம் 400 கிராம், 1,600 ரூபாய், 100 கிராமுக்குப் புரதம் 8 கிராம். இன்னொன்றில் இரண்டு வட்டு, 226 கிராம், 1,400 ரூபாய், ஒரு வட்டில் புரதம் 20 கிராம். எடைக்குப் பார்த்தால் முதலாவது 100 கிராம் 400 ரூபாய், இரண்டாவது ஏறத்தாழ 620 ரூபாய். ஆனால் புரதத்துக்குப் பார்த்தால் முதல் பக்கற்றில் மொத்தம் 32 கிராம், ஒரு கிராம் 50 ரூபாய். இரண்டாவதில் 40 கிராம், ஒரு கிராம் 35 ரூபாய். வயிறு நிறைய ஒரு பின்னேரச் சாப்பாடு வேண்டுமென்றால் முதலாவது, இறைச்சியை விட்டவருக்குப் புரதம் வேண்டுமென்றால் இரண்டாவது. வீட்டு வட்டின் செலவையும் இதே கணக்கில் போடுங்கள், சோயாமீற், கிழங்கு, எண்ணெய், காஸ் எல்லாம் சேர்த்து. வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்த பிறகு, எந்த நாளுக்குக் கடை வட்டு, எந்த நாளுக்கு வீட்டு வட்டு என்று முடிவெடுப்பது எளிது.

முழு வீகனாக இருப்பவர்கள் வைட்டமின் பி12 சேர்த்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும். தாவர உணவில் அது இயல்பாகக் கிடைக்காது.

பணிசும் கூட்டுகளும்

வெறும் வட்டின் மதிப்பெண் முடிந்த பிறகுதான் பர்கர். வட்டில் முதலிடம் வந்தது பர்கரிலும் முதலிடம் வர வேண்டும் என்றில்லை. மென்மையான பணிசுக்குள் மென்மையான வட்டு வைத்தால் இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடும், கொஞ்சம் கடினமான வட்டுத்தான் அங்கே எடுபடும்.

பணிஸ் வாங்கும்போது பேக்கரியில் கேளுங்கள்: பால்மா போடுகிறீர்களா, பட்டரா மார்ஜரினா, மேலே முட்டை பூசுகிறீர்களா? அந்தப் பளபளப்புப் பெரும்பாலும் முட்டைதான். சந்தேகமென்றால் சாதாரணப் பாணை விசாரித்து வாங்கி, தோசைக்கல்லில் வாட்டி எடுக்கலாம்.

கடை மயோனைஸில் பெரும்பாலும் முட்டை உண்டு. அதற்குப் பதில் கடலை அவித்த கெட்டித் தண்ணீரை ஆறவைத்து, தேசிக்காய்ப் புளி, உப்பு, கொஞ்சம் கடுகு சேர்த்து மிக்சியில் ஓடவிட்டு, எண்ணெயை நூலாக ஊற்றினால் வெள்ளையாகத் திரண்டுவரும். மட்டக்களப்பு எருமைத் தயிர் எவ்வளவு அருமை என்றாலும் வீகன் விருந்தாளியின் பர்கரில் அதற்கு இடமில்லை. சம்பல் வைத்தால் மாசிக் கருவாடு போடாத சம்பல். கட்டைச் சம்பலைக் கடையில் வாங்கினால் மாசி இருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். மற்றபடி தக்காளி, வெங்காயம், வெள்ளரி, சலாது இலை. நான் வல்லாரைச் சம்பலை மாசியில்லாமல், தேசிக்காய் கூடுதலாக விட்டு, சோயா வட்டின் மேல் வைப்பேன். அந்த இலேசான கசப்பு சோயாவின் பச்சை வாசத்தை நன்றாக அடக்கும்.

வீட்டில் மச்சமும் சமைப்பவர்கள் தாச்சி, கரண்டி, வெட்டுப்பலகை மூன்றையும் முன்கூட்டியே கழுவி ஒதுக்கி வையுங்கள். விரதக்காரருக்கும் வீகனுக்கும் இது மரியாதை.

மிஞ்சியதும் எழுதியதும்

உருகிய வட்டைத் திரும்ப உறையவைக்க வேண்டாம். பொரித்துவிட்டால் ஃபிரிஜ்ஜில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். தோற்றுப்போன வட்டும் வீணல்ல. கொத்துரொட்டிக்கு முட்டைக்குப் பதிலாகக் கொத்திப் போட்டால், கறிவேப்பிலையும் கொச்சிக்காயும் சேர்ந்து அதன் குறையெல்லாம் மறைந்துவிடும். கிழங்குப் பிரட்டலிலும் சேர்க்கலாம்.

மடித்து வைத்த தாளைப் பிரித்து எண்ணையும் பெயரையும் சேர்த்த பிறகு, எல்லாத் தாள்களையும் ஒரு கொப்பியில் ஒட்டுங்கள். பக்கற்றின் பின்பக்கத்தில் சேர்மானம் எழுதிய பகுதியையும் வெட்டி அதோடு ஒட்டி, திகதி போடுங்கள். கொம்பனிகள் பெயரை மாற்றாமல் சேர்மானத்தை மாற்றும். பியாண்ட் 2024இல் தன் பர்கரில் தேங்காய் எண்ணெயையும் கனோலா எண்ணெயையும் விட்டு அவகாடோ எண்ணெய்க்கு மாறியது. அடுத்த தடவை வாங்கும்போது புதுப் பக்கற்றின் சேர்மானத்தைக் கொப்பியில் உள்ளதோடு வைத்துப் பாருங்கள், மாறியிருந்தால் பழைய மதிப்பெண்ணை அடித்துவிட்டு மறுபடி பொரித்துப் பாருங்கள்.